ஜப்பானிய ஃப்ரீஸ்டைல் மல்யுத்த வீரரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

ஜப்பானிய ஃப்ரீஸ்டைல் மல்யுத்த வீரர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர் பெரும்பாலும் பதக்கப் பட்டியலில் தொடங்கி, அந்தப் பட்டியலையே வாக்கியங்களாக நீட்டி முடித்தும் விடுகிறார். அவ்வாறு எழுதிய குறிப்பில் பிழை எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் படித்து முடித்தவருக்கு அந்த வீரரின் உயரம் பிடிபடுவதில்லை. ஜப்பானில் ஒரு மல்யுத்த வீரரின் சாதனை ஒரு பாதையிலும், அவருக்குக் கிடைக்கும் பொது அங்கீகாரம் வேறொரு பாதையிலும் நகர்கின்றன. ஒரே ஒலிம்பிக்கிலிருந்து மூன்றாவது தங்கத்தோடு திரும்பிய இருவரில் ஒருவருக்கு அந்த ஆண்டே பிரதமர் கையால் விருது கிடைத்ததும், மற்றவர் அதற்காக மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்ததும் நடந்திருக்கின்றன. இவ்விரு பாதைகளையும் முதலில் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு, அவை எங்கே சந்தித்தன என்பதைக் காட்டினால்தான் குறிப்பு உயிர் பெறும். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் இரு வீராங்கனைகளை, மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற சவோரி யோஷிடாவையும் நான்கு வென்ற கவோரி இச்சோவையும், எடுத்துக்கொள்கிறேன். எழுதுபவர் தடுமாறக்கூடிய இடங்களில் பெரும்பாலானவை இவ்விருவரின் பதிவுகளிலேயே கிடைத்துவிடுகின்றன.

பெயர், ஊர், குடும்பம்

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பர். சர்வதேசப் பட்டியல்களில் அது பின்னாலும் வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றினால் போதும். அதைவிட முக்கியமானது, திருமணத்துக்குப் பின் மாறும் குடும்பப் பெயர். ரிசாகோ கவாய் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அந்தப் பெயரில் தங்கம் வென்றவர். பிற்காலப் பட்டியல்களில் அவர் ரிசாகோ கின்ஜோ. எதிராளிகளின் பெயர்களையும் இப்படியே கவனிக்க வேண்டும். 2012 மே மாதம் டோக்கியோவில் நடந்த அணிகளுக்கான உலகக் கோப்பையில் யோஷிடாவைத் தோற்கடித்த ரஷ்ய வீராங்கனை வலேரியா ஷோலோபோவா, அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் யோஷிடாவிடம் தோற்றார். 2016இல் வேறொரு எடைப் பிரிவில், கோப்லோவா என்ற பெயரில், ரியோ இறுதிப் போட்டியில் இச்சோவின் எதிரே நின்றார். ஜப்பானின் இரு பெரும் வீராங்கனைகளையும் அச்சுறுத்திய ஒருவர் என்ற நல்ல செய்தி, பெயர் மாறியதைக் கவனிக்காதவருக்குக் கிடைக்காமலே போய்விடும்.

பிறந்த ஊரையும் குடும்பத்தையும் ஒரு வரியில் கடந்து செல்லக் கூடாது. ஜப்பானிய மல்யுத்தத்தில் வீடே முதல் பயிற்சிக்கூடமாக இருப்பது அரிதன்று. மீயெ மாகாணத்தைச் சேர்ந்த யோஷிடாவுக்குத் தந்தையே முதல் பயிற்சியாளர். தேசிய சாம்பியனாக இருந்த அவர் வீட்டிலேயே சிறுவர்களுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார். அவோமோரி மாகாணத்தின் ஹச்சினோஹெ நகரில் பிறந்த இச்சோவுக்கு அக்கா சிஹாருவே துணையும் அளவுகோலும். சிஹாரு 2004, 2008 ஒலிம்பிக்குகளில் 48 கிலோ பிரிவில் வெள்ளி வென்றவர். கவாய் சகோதரிகளின் பெற்றோர் இருவருமே மல்யுத்தம் செய்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கை யுகாகோ 62 கிலோவிலும், மறுநாள் அக்கா ரிசாகோ 57 கிலோவிலும் தங்கம் வென்றனர். ஆண்களில் டகுட்டோ ஒட்டோகுரோவும் அண்ணன் கெய்சுகேவும் அதே டோக்கியோவில் ஒன்றாகக் களமிறங்கினர். இந்தச் செய்திகள் அலங்காரத்துக்கானவை அல்ல. பின்னால் ஊரும் மாகாணமும் தரும் கௌரவங்களைப் பற்றி எழுதும்போது அவற்றின் வேர் இங்கேதான் இருப்பதைக் காண்பீர்கள்.

உள்நாட்டுப் பாதையை முதலில் வரைக

வீரர் முதலில் கலந்துகொண்ட சர்வதேசப் போட்டியிலிருந்து குறிப்பைத் தொடங்குவது பொதுவான பழக்கம். ஜப்பானைப் பொறுத்தவரை, குறிப்பாகப் பெண்கள் பிரிவுகளில், இது தலைகீழான முறை. ஓர் எடைப் பிரிவில் உலக சாம்பியனாகும் தகுதியுள்ள இருவர் மூவர் ஒரே நேரத்தில் அந்நாட்டில் இருப்பது வழக்கமான நிலை. ஒலிம்பிக்குக்குப் போவது ஒருவர் மட்டுமே. எனவே ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் இரண்டு போட்டிகளின் முடிவுகளை முதலில் திரட்ட வேண்டும். ஒன்று, டிசம்பரில் பேரரசர் கோப்பைக்காக நடக்கும் அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப்; மற்றொன்று, மெய்ஜி கோப்பை என்று அழைக்கப்படும் அனைத்து ஜப்பான் தெரிவுப் போட்டி, இது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வருவது. இரண்டிலும் ஒருவரே வென்றால் உலக சாம்பியன்ஷிப்புக்கான இடம் அவருக்கு உறுதியாகிவிடும். இருவர் பகிர்ந்துகொண்டால் தனியாக ஒரு தீர்மானப் போட்டி நடத்தப்படும்.

இந்த ஏற்பாட்டை விளக்காமல் இச்சோவின் கடைசிப் பெரும் முயற்சியைப் பற்றி எழுதவே முடியாது. ரியோவில் இச்சோ 58 கிலோவிலும் ரிசாகோ கவாய் 63 கிலோவிலும் தங்கம் வென்றவர்கள். டோக்கியோவுக்கான எடைப் பிரிவுகள் மாறியபோது இருவரும் 57 கிலோவில் வந்து சேர்ந்தனர். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பிய இச்சோ 2018 டிசம்பரில் கவாயை வென்றார்; 2019 ஜூனில் கவாய் வென்றார்; ஜூலையில் நடந்த தீர்மானப் போட்டியையும் கவாயே வென்று, அந்த ஆண்டின் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் பெற்று, ஒலிம்பிக் இடத்தையும் எடுத்துக்கொண்டார். ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் என்ற இச்சோவின் கனவு முடிந்தது வெளிநாட்டவர் ஒருவரிடம் அன்று. சொந்த நாட்டின் இன்னோர் ஒலிம்பிக் சாம்பியனிடம். சர்வதேச முடிவுகளை மட்டும் வைத்து எழுதுபவரின் குறிப்பில் இந்த இடத்தில் ஒரு வெற்றிடம்தான் இருக்கும்.

கல்வி நிலையத்தையும் வேலை தரும் நிறுவனத்தையும் குறிப்பிடுவது இதன் தொடர்ச்சி. யோஷிடாவும் இச்சோவும் பயின்றது சுகியோ மகளிர் பல்கலைக்கழகம். 2010இல்தான் அது ஷிகாக்கான் பல்கலைக்கழகம் ஆனது. ஆகையால் 2004 ஏதென்ஸ் காலத்தைப் பற்றிய வாக்கியத்தில் புதிய பெயரை மட்டும் எழுதுவது காலப்பிழை. ஜப்பான் ஒலிம்பிக் குழு 2008இல் தொடங்கிய எலைட் அகாடமியில் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து வளர்ந்தவர்கள் இன்னொரு தலைமுறையினர். யூயி சுசாகியும் ஒட்டோகுரோ சகோதரர்களும் அவர்களுள் அடங்குவர். படிப்பு முடிந்தபின் இவர்களை ஏதேனும் ஒரு நிறுவனம் ஊழியராகச் சேர்த்துக்கொள்கிறது: யோஷிடாவும் இச்சோவும் ஆல்சோக் என்ற பாதுகாப்புச் சேவை நிறுவனத்தைச் சார்ந்திருந்தனர், லண்டனில் தங்கம் வென்ற டட்சுஹிரோ யோனெமிட்சுவும் டோக்கியோவில் வென்ற டகுட்டோ ஒட்டோகுரோவும் தற்காப்புப் படையின் உடற்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். ஒலிம்பிக் பாணி மல்யுத்தத்தில் சம்பளம் தரும் தொழில்முறை லீக் அந்நாட்டில் இல்லாததால், வீரரின் பெயருக்கு அருகே அச்சிடப்படும் நிறுவனப் பெயர் அவருடைய வாழ்வாதாரம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது.

எடைப் பிரிவைப் படிக்கத் தெரிந்துகொள்க

உலக சாம்பியன்ஷிப்பில் இப்போது ஒவ்வொரு பாணியிலும் 10 எடைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் 6 மட்டுமே. ஆண்கள் ஃப்ரீஸ்டைலில் 57, 65, 74, 86, 97, 125 கிலோ ஆகியவையும், பெண்களுக்கு 50, 53, 57, 62, 68, 76 கிலோ ஆகியவையும் ஒலிம்பிக் பிரிவுகள். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நுழைந்த 2004 முதல் 2012 வரை இருந்தவை 48, 55, 63, 72 என்ற நான்கே பிரிவுகள். ஒரு வீரர் எடை மாறியதைக் காணும்போது உடல் வளர்ந்தது என்றோ இளைத்தது என்றோ உடனே எழுதிவிடாமல், அந்த ஆண்டு பிரிவுகள் மாறினவா, ஒலிம்பிக்குக்கு எத்தனை ஆண்டுகள் இருந்தன, அதே எடையில் உள்நாட்டில் வேறு யார் இருந்தார் என்று பார்க்க வேண்டும். நோனோகா ஒசாகி 2022இல் 62 கிலோவில் உலக சாம்பியன். 2023இல் ஒலிம்பிக் அல்லாத 65 கிலோவில் உலக சாம்பியன். 2024 பாரிஸில் 68 கிலோவில் வெண்கலம். மூன்று ஆண்டுகளில் மூன்று எடைகள்! இந்த ஏற்றத்துக்கான விடை உள்நாட்டுப் போட்டியில்தான் இருக்கிறது: 62 கிலோவில் பாரிஸுக்குச் சென்று தங்கம் வென்றவர் சகுரா மோட்டோகி.

எடை பார்க்கும் நடைமுறையையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுவது நல்லது. 2018 முதல் ஒரு பிரிவின் போட்டிகள் இரண்டு நாள்களாக நடக்கின்றன. இரண்டு நாள் காலையிலும் எடை பார்க்கப்படுகிறது. ரெய் ஹிகுச்சியின் வாழ்க்கையை இந்தத் தகவல் இல்லாமல் எழுத இயலாது. ரியோவில் 57 கிலோவில் வெள்ளி வென்ற அவர், 2021இல் ஆசியத் தகுதிப் போட்டியின் எடைத் தட்டில் 50 கிராம் கூடுதலாக நின்றதால் களமிறங்க முடியாமல் போனார். சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கும் கைநழுவியது. 2022இல் 61 கிலோவில் உலக சாம்பியனாகி, மீண்டும் 57க்கு இறங்கி, பாரிஸில் தங்கம் வென்றார். அந்த அரையிறுதியில் அவரிடம் தோற்ற இந்தியர் அமன் ஷெராவத் பின்னர் வெண்கலம் வென்றார். ‘2016 வெள்ளி, 2024 தங்கம்’ என்று எழுதிவிட்டால் நடுவில் இருந்த எட்டு ஆண்டுகளும் காணாமல் போய்விடும்.

எண்களை அவிழ்த்துப் பார்த்த பின்பே எழுதுக

அதிகமான பிழைகள் நேர்வது இந்த இடத்தில்தான். ஆகவே இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஜப்பானியச் செய்தித்தாள்கள் தொடர் வெற்றிகளை எண்ணுவதில் பெருவிருப்பம் கொண்டவை. அந்த எண்கள் பெரும்பாலும் சரியானவைதாம், ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் எதைச் சேர்த்தனர், எதை விலக்கினர் என்ற தீர்மானம் ஒன்று இருக்கிறது.

யோஷிடாவின் பெயரோடு 119, 206 என்ற இரண்டு தொடர் வெற்றி எண்கள் வரும். 2008 ஜனவரியில் சீனாவின் தையுவானில் நடந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவின் மார்சி வான் டூசனிடம் தோற்றபோது முடிந்தது 119 வெற்றிகளின் தொடர். 2016 ஆகஸ்டில் ரியோ இறுதியில் இன்னோர் அமெரிக்கரான ஹெலன் மருலிஸிடம் 4-1 என்று தோற்றபோது முடிந்தது 206 வெற்றிகளின் தொடர். 2008இலும் 2012இலும் தோற்றவர் 2016 வரை தொடர்ந்து 206 முறை வென்றது எப்படி என்று வாசகர் கேட்பது நியாயமே. உலகக் கோப்பை என்பது நாடுகளின் அணிகள் மோதும் போட்டி. 206 என்பது தனிநபர் போட்டிகளை மட்டும் எண்ணியது. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவது போலத் தோன்றும்.

13 என்ற எண் இதைவிடச் சிக்கலானது. 2012 செப்டம்பரில் கனடாவில் உலகப் பட்டம் வென்றபோது, யோஷிடா உலக அளவில் தொடர்ந்து 13ஆம் முறை வென்றுவிட்டார் என்று எழுதப்பட்டது. அது 10 உலகப் பட்டங்களும் 3 ஒலிம்பிக் தங்கங்களும் சேர்ந்த கணக்கு. கால்களைப் பிடிக்கக் கூடாத கிரேக்கோ ரோமன் பாணியில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின் பெற்றிருந்த 12 பட்டங்களை, அதாவது 9 உலகப் பட்டங்களையும் 3 ஒலிம்பிக் தங்கங்களையும், அவர் கடந்தது அப்போதுதான். பிறகு 2013, 2014, 2015 ஆண்டுகளிலும் வென்றதால் அவருடைய உலகப் பட்டங்கள் மட்டுமே 13 ஆயின. ஒலிம்பிக்கையும் சேர்த்தால் 16. ஆக, 2012ஆம் ஆண்டுச் செய்தியில் இருக்கும் 13 வேறு, ஓய்வு பெற்றபோது எழுதப்பட்ட செய்தியில் இருக்கும் 13 வேறு. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போனதால் ஒன்றின் விளக்கத்தை மற்றொன்றுக்குப் பொருத்தி எழுதியவர்கள் உண்டு.

ஒலிம்பிக் ஆண்டுகளில் ஒலிம்பிக் பிரிவுகளுக்கு உலக சாம்பியன்ஷிப் நடப்பதில்லை என்பதைப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டு யோஷிடாவின் 2008, 2012 பட்டங்களைப் பிழையென்று நீக்கிவிடவும் கூடாது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் பெண்களுக்குத் தனியாக உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இச்சோவின் பெயர் அவ்விரண்டிலும் 2009இலும் வெற்றியாளர் பட்டியலில் இல்லை. அவருடைய உலகப் பட்டங்கள் 2002, 2003, 2005, 2006, 2007, 2010, 2011, 2013, 2014, 2015 என 10.

இச்சோவின் 189 தொடர் வெற்றிகள் 2016 ஜனவரியில் ரஷ்யாவின் க்ராஸ்னோயார்ஸ்க் நகரில், மங்கோலியாவின் இளம் வீராங்கனை ஓர்கோன் புரெவ்டோர்ஜிடம் 10-0 என்று தோற்றபோது முடிந்தன. இந்த எண்ணிக்கையில், மோதாமலே விலகியதால் பதிவான தோல்வி சேர்க்கப்படவில்லை. யூயி சுசாகியைப் பற்றி எழுதும்போதோ ‘தோல்வியே அறியாதவர்’ என்ற தொடரைத் தவிர்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில் முதல் சுற்றில் வினேஷ் போகாட்டிடம் 3-2 என்று தோற்றது அவருடைய முதல் சர்வதேசத் தோல்வி. அதற்கு முன்பே உள்நாட்டில் யுகி இரியேவிடம் அவர் தோற்றிருக்கிறார். ‘2024 பாரிஸ் வரை சர்வதேசப் போட்டிகளில்’ என்று சேர்த்தாலே வாக்கியம் உண்மையாகிவிடுகிறது.

காலத்தில் பொருத்திக் காட்டுதல்

வெவ்வேறு தலைமுறையினரை ஒப்பிட விரும்புபவர் விதிகளையும் வாய்ப்புகளையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். 2005 முதல் 2013 வரை ஒரு போட்டி மூன்று சுற்றுகளாக நடந்தது. இரண்டு சுற்றுகளை வென்றவர் வெற்றியாளர். இன்றோ மூன்று நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளின் மொத்தப் புள்ளிகளே கணக்கு. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளிகள் முன்னிலை கிடைத்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். 2018 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஒட்டோகுரோ பஜ்ரங் புனியாவை 16-9 என்று வென்று, 19 வயதில் ஜப்பானின் மிக இளைய ஆண் உலக சாம்பியன் ஆனார். பழைய முறையில் அப்படி ஒரு புள்ளிக்கணக்கு பதிவாகும் வாய்ப்பே குறைவு. விதி மாறியதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது: 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக்கின் நிலையான விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் செயற்குழு பரிந்துரைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மல்யுத்தம் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதே கூட்டத்தில்தான் டோக்கியோவுக்கு 2020 ஒலிம்பிக் வழங்கப்பட்டது.

ஆண்களின் வரலாறு பழையது. 1952 ஹெல்சிங்கியில் 57 கிலோ எடையில் ஷோஹச்சி இஷீ வென்ற தங்கம், போருக்குப் பிந்தைய ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கம்; அதே பிரிவில்தான் இந்தியாவின் கே. டி. ஜாதவ் வெண்கலம் வென்றார். 1964 டோக்கியோவில் வென்ற ஒசாமு வதனபேக்கு ஓர் ஒலிம்பிக் தங்கம் மட்டுமே. 1976 மான்ட்ரியாலில் வென்ற யூஜி டகாடா நான்கு முறை உலக சாம்பியன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணிக்க முடிவெடுத்தபோது அவர் கண்ணீரோடு முறையிட்டும் பயன் கிட்டவில்லை. 1984இல் அவருக்குக் கிடைத்தது வெண்கலம். 1988க்குப் பின் ஆண்கள் தங்கத்துக்காக ஜப்பான் 24 ஆண்டுகள் காத்திருந்தது. லண்டன் இறுதியில் சுஷில் குமாரை வென்று அதை முடித்து வைத்தவர் யோனெமிட்சு. இந்தச் சூழலைச் சொன்னால் ஒரே ஒரு தங்கம் வென்றவரின் குறிப்பும் கனம் பெறும்.

அங்கீகாரத்தை அடுக்குகளாகப் பிரித்தல்

விருதுகளை ஒரே பத்தியில் கொட்டிவிடுவது சோம்பேறித்தனம். யார் கொடுத்தது, எந்தச் செயலுக்கு, செயலுக்கும் விருதுக்கும் இடையே எவ்வளவு காலம் என்ற மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசின் பதக்கங்களில் விளையாட்டு வீரருக்குப் பொதுவாக வருவது ஊதா நாடாப் பதக்கம். 1955இல் ஏற்படுத்தப்பட்ட இது கல்வி, கலை, விளையாட்டு ஆகியவற்றில் சிறந்தவர்களுக்குரியது. ஒலிம்பிக் தங்கம் வென்றவரின் குறிப்பில் இதை எதிர்பார்க்கலாம் என்பதால், இதைப் பெரும் வியப்பாக எழுதத் தேவையில்லை. மக்கள் கௌரவ விருது வேறு வகை. பிரதமர் வழங்கும் இந்த விருது 1977இல் தொடங்கப்பட்டது. முதலில் பெற்றவர் பேஸ்பால் வீரர் சடஹாரு ஓ. இதற்கு ஆண்டுதோறும் வழங்கும் கட்டாயமோ நிலையான எண்ணிக்கையோ கிடையாது. அரசு எப்போது யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே மக்கள் மனநிலை குறித்த ஒரு கணிப்பு அடங்கியிருக்கிறது.

மல்யுத்தத்தில் இதைப் பெற்றவர்கள் யோஷிடாவும் இச்சோவும். இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டு பாதைகளும் பிரிந்து தெரிகின்றன. 2012 லண்டனில் இருவருமே தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றனர். விருது அந்த நவம்பரில் யோஷிடாவுக்கு மட்டும் வந்தது. அதற்கு உடனடிக் காரணம் செப்டம்பரில் அவர் கரேலினைக் கடந்தது. தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. இச்சோவுக்கு அந்த விருது 2016 அக்டோபரில், நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் என்ற நிலையை எட்டிய பின்பே வந்தது. ரியோவின் அந்த இறுதிப் போட்டியைக் கடைசி விநாடிகளில்தான் அவர் 3-2 என்று தம் பக்கம் திருப்பினார் என்பதை நினைத்தால், விருதுக்கும் வெறுங்கைக்கும் இடையே இருந்த தொலைவு எவ்வளவு சிறியது என்பது புரியும். என் கணிப்பில், ஒலிம்பிக் சாதனையை மட்டும் எடைபோட்டால் இச்சோவின் தட்டே தாழும். ஆனால் பொதுமக்களின் நினைவில் முதலில் எழுவது யோஷிடாவின் முகம். தொலைக்காட்சியும் விளம்பரங்களும் அதற்குக் காரணம். ஆல்சோக் விளம்பரங்களில் அவர் தோன்றியதையும், கரேலினுக்கு ஜப்பானில் வழங்கிய பட்டப்பெயரின் பெண்வடிவம் அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டதையும் எழுதாமல் அந்தப் புகழை விளக்க முடியாது. இத்தகைய தீர்ப்பைச் சொல்லும்போது அது எழுதுபவரின் கருத்து என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பணம் குறித்து அதிகம் எழுதத் தேவையில்லை, ஆனால் எழுதினால் சரியாக எழுத வேண்டும். ஜப்பான் ஒலிம்பிக் குழு தங்கத்துக்கு முன்பு 30 லட்சம் யென் வழங்கியது; ரியோ முதல் அது 50 லட்சம் யென். வெள்ளிக்கு 20 லட்சம், வெண்கலத்துக்கு 10 லட்சம். நிறுவனங்களும் சங்கங்களும் தருவது தனிக்கணக்கு. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுவது குழப்பத்தையே தரும்.

மாகாணமும் நகரமும் தரும் கௌரவங்கள் அடுத்தவை. மாகாண மக்கள் கௌரவ விருது, நகரத்தின் சிறப்புக் குடியுரிமை போன்றவை பல ஊர்களில் உண்டு. இவை பட்டியலில் சிறியவையாகத் தெரிந்தாலும், நிலைத்து நிற்பவை பெரும்பாலும் இவைதாம். மீயெ மாகாணத்தின் ட்சு நகரில் 2017இல் திறக்கப்பட்ட உள்ளரங்கத்துக்கு யோஷிடாவின் பெயரைத் தழுவி ‘சவோரினா’ என்று பெயரிடப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின்போது தங்கம் வென்றவர்களோடு தொடர்புடைய ஊர்களில் அஞ்சல் பெட்டிகளுக்குத் தங்க நிறம் பூசப்பட்டது. இத்தகைய செய்திகளை ஊரின் பெயரோடும் ஆண்டோடும் எழுதுக.

இவற்றுக்கு அப்பால், எந்தப் பதக்கத்தோடும் சேராத பொறுப்புகள் உள்ளன. யோஷிடா ரியோவில் ஜப்பானிய அணி முழுவதற்கும் தலைவர். 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ தொடக்க விழாவில், ஜூடோ வீரர் டடஹிரோ நொமுராவோடு சேர்ந்து ஒலிம்பிக் சுடரை அரங்கத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அப்போது அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. போட்டியிட்டுப் பெற முடியாத, பிறர் தேர்ந்து அளிக்கும் இடங்கள் இவை. ஒருவரின் பொது மதிப்பை அளக்க விருதுகளைவிட இவையே நம்பகமானவை என்று கருதுகிறேன்.

தோல்வியும் சர்ச்சையும்

தோல்விகளைக் குறிப்பின் ஓரத்தில் ஒளித்து வைக்க வேண்டாம். ரியோ இறுதிக்குப் பின் யோஷிடா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டதை, அவர் அணித் தலைவராக இருந்தார் என்ற செய்தியோடும், 2014இல் தந்தையை இழந்த பின் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது என்ற செய்தியோடும் சேர்த்து எழுதினால் அந்தக் காட்சி மிகையாகத் தோன்றாது. தனியே எழுதினால் உணர்ச்சி வெள்ளமாகிவிடும்.

சர்ச்சையை எழுதும்போது நாள், அமைப்பு, முடிவு ஆகியவற்றுக்குள் நின்றுவிடுவது பாதுகாப்பானது. 2018 ஜனவரியில் இச்சோவுக்கு எதிராக அதிகாரத் துன்புறுத்தல் நிகழ்ந்ததாக ஜப்பானிய அமைச்சரவை அலுவலகத்துக்குப் புகார் சென்றது. மல்யுத்த சம்மேளனம் முதலில் மறுத்தது. பின்னர் அமர்த்தப்பட்ட விசாரணைக் குழு சில செயல்கள் துன்புறுத்தலே என்று ஏப்ரலில் கண்டறிந்தது. வீரர் வளர்ச்சிக்குப் பொறுப்பான தலைமைப் பயிற்சியாளர் அப்பதவியிலிருந்து விலகினார். குற்றச்சாட்டையும் கண்டறியப்பட்டதையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடாமல், எது யார் சொன்னது, எது விசாரணையில் உறுதியானது என்று பிரித்து எழுத வேண்டும். இச்சோ அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் போட்டிக்குத் திரும்பினார் என்பதையும் அங்கேயே சேர்த்துவிட்டால், முன்பு சொன்ன 57 கிலோ மோதலின் பின்னணி வாசகருக்கு விளங்கும்.

இன்னும் களத்தில் இருப்பவரைப் பற்றி எழுதினால்

யோஷிடா 2019 ஜனவரியில் ஓய்வை அறிவித்துவிட்டதால் அவருடைய எண்கள் இனி அசையப் போவதில்லை. களத்தில் இருப்பவர்களின் நிலை அப்படியன்று. பாரிஸில் ஜப்பானிய மல்யுத்தம் 8 தங்கம், 1 வெள்ளி, 2 வெண்கலம் என 11 பதக்கங்கள் வென்றது. அந்த எட்டில் ஃப்ரீஸ்டைலுக்கு ஆறு, கிரேக்கோ ரோமனுக்கு இரண்டு. அவற்றில் 53 கிலோ தங்கத்தை வென்ற அகாரி ஃபுஜினாமிக்கு அது தொடர்ந்து 137ஆவது வெற்றி. ‘137 வெற்றிகள் பெற்றுள்ளார்’ என்று எழுதினால் அவருடைய அடுத்த போட்டியோடு அந்த வாக்கியம் பழையதாகிவிடும். ‘2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிவில் 137 வெற்றிகள்’ என்று எழுதினால் அது எந்த ஆண்டில் படித்தாலும் சரியாகவே இருக்கும். தொடர் வெற்றி, உலகத் தரவரிசை, எடைப் பிரிவு, சார்ந்திருக்கும் நிறுவனம் ஆகிய நான்கையும் இப்படி நாளோடு சேர்த்தே எழுதுக. டிசம்பர், ஜூன் போட்டிகள் முடிந்ததும் அவற்றை மட்டும் மீண்டும் சரிபார்த்துத் திருத்துக.